ள விரல்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

போனில் பேசினால் நாம் சண்டை போடுகிறோம். போன வாரம் நீ ரிசீவரை வைத்த வேகத்தில் இந்த ஓட்டலின் ஆபரேட்டருக்கே காது அடைத்துப் போனதாம். அதனால் எழுதுகிறேன். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது.

வந்து மூன்று வாரம் ஆகிறது. சலவைக்கூடத்துக்கு மேலே, நீ தங்கியிருந்த அதே அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் நீ பென்சிலால் எழுதிய பாட்டு வரிசை இன்னும் அழியவில்லை. பகல் முழுவதும் கீழே துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் கட்டில் லேசாக அதிர்கிறது. முதல் நாள் பூகம்பம் என்று நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். படிக்கட்டில் நின்ற சலவைக்காரர், "உங்க அண்ணனும் முதல் நாள் இப்படித்தான் ஓடி வந்தாரு" என்றார்.

இங்கே எல்லாமே "உங்க அண்ணன்"தான். நீ உட்கார்ந்த ஸ்டூல், நீ பேஸ் கிட்டாரை மாட்டிய ஆணி, நீ குடித்த கோப்பை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு பேர் வந்து வாசித்திருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய பேச்சே இல்லை. நேற்று ஒத்திகையில் நான் வாசித்து முடித்ததும் பேண்ட் மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உனக்குத் தெரியும், அவர் அப்படி வைத்தால் குறை இருக்கிறது என்று அர்த்தம். "நல்லாத்தான் வாசிக்கிறேம்மா. ஆனா உங்க அண்ணன் ஒரு சுரத்தைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பான். அந்த நிதானம் வேணும்." நீங்கள் எல்லோரும் சுத்தியல் என்று கூப்பிட்ட டிரம்ஸ்காரர் தலையை ஆட்டினார். பாட்டுக்காரம்மாவும் ஆட்டினார்.

எனக்கு இருபத்தாறு வயது. எனக்கென்று ஒரு வாசிப்பு வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். உன் நிழலில் உட்கார்ந்து வாசிக்க இல்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ ஏன் என்மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறாய் என்பதையும் ஒரு வரி எழுது.

எலி

பிப்ரவரி 20

எலிக்கு,

கடிதம் வந்தது. அம்மா நலம். நானும் நலம்.

பேஸ் என்னுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய். கட்டிலுக்கு அடியில் அது இருந்த இடத்தில் அம்மா பழைய செய்தித்தாள்களை அடுக்கிவிட்டாள். அதனால் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை.

வேலை பழகிவிட்டது. பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு டேப் மெஷின். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கும், எது எவ்வளவு நேரம் தாமதம் என்று சொல்ல வேண்டும். வாய்க்குத்தான் வேலை. கைக்கு ஒன்றும் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இடது கையில் எந்த விரலால் அதிகம் அழுத்துகிறாய்? ள விரலுக்கு வேலை கொடுக்காதே. ஏன் என்று கேட்காதே.

ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிடு. முடிவதற்கு முன்பே வந்தாலும் யாரும் உன்னைத் தூக்கில் போடப் போவதில்லை. மாஸ்டருக்கு நான் எழுதிக்கொள்கிறேன்.

அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

ஏன் என்று கேட்கக்கூடாதா? அப்படியானால் நானே சொல்கிறேன். பொறாமை. நீ விட்டுவிட்டு வந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ வேண்டாம் என்று போட்டதை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்ததும் உனக்கு அது வேண்டும்போல ஆகிவிட்டது. சின்ன வயதிலும் நீ அப்படித்தான். உடைந்த பொம்மையைக்கூட நான் கையில் எடுத்தால்தான் உனக்கு ஞாபகம் வரும்.

ள விரலாம். அந்தப் பெயரை உன் கையெழுத்தில் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது. மாஸ்டரிடம் போன வாரம் வாய் தவறி "இதை ள விரலால் அழுத்தினால் வசதி" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசையும் தமிழ் டைப்ரைட்டரும் போட்டு உட்கார்ந்திருந்தவரின் பிள்ளைகள் நாங்கள், எங்களுக்கு இடது கையில் சுண்டுவிரல் ய, மோதிர விரல் ள, நடுவிரல் ன, ஆள்காட்டி விரல் க என்று விளக்கினேன். எண்ணத் தெரிவதற்கு முன்பே அப்பா நம் இருவருக்கும் யளனக யளனக என்று மேசைமேல் விரல் தட்டப் பழக்கினார் என்றும் சொன்னேன். "கிட்டாரை டைப் அடிக்கிற குடும்பமா" என்று கேட்டார் சுத்தியல். இப்போது இங்கே எல்லோரும் அப்படியே சொல்கிறார்கள். பாட்டுக்காரம்மாகூட "அந்த இடத்துல ன விரலை வை கண்ணு" என்கிறார்.

வந்த புதிதில் நான் என் இஷ்டத்துக்கு வாசித்துப் பார்த்தேன். பொழிந்து தள்ளினேன். மெதுவான பாட்டில்கூட இடைவெளியே விடாமல் மேலும் கீழும் ஓடினேன். மாஸ்டர் இரண்டு பாட்டு பொறுத்தார். மூன்றாவதில் நிறுத்தி, "எல்லாத் துணியையும் எடுத்துக் கடை விரிச்சிட்டியேம்மா. வாங்க வந்தவன் எதைப் பாக்குறது?" என்றார். எல்லோருக்கும் முன்னால். முகம் எரிந்தது. அன்று முழுவதும் அவர் கண்ணைப் பார்க்காமல் வாசித்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. நான் வாசித்ததெல்லாம் என் கைக்காக, பாட்டுக்காக இல்லை.

இப்போது தினமும் அறையில் நாலு மணி நேரம் தாளம் காட்டும் டிக்டிக் பெட்டியை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஒரே சுரம். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது, எங்கே விடுவது, அவ்வளவுதான். கேட்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். சலவைக்காரர் ஒரு நாள் மேலே வந்து, "ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ ஏன் விட்டாய்? அலுத்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லலாம். எனக்கு உண்மையைச் சொல்.

எலி

மார்ச் 15

எலிக்கு,

பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். நீ பேஸைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கிய அன்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. இதை எழுத மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். கடைசிவரை படி, நடுவில் எழுந்து போகாதே.

அப்பாவின் கடைசி மூன்று வருஷம் உனக்குத் தெரியும். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனதும், அம்மா ஊட்டிவிட்டதும் தெரியும். அது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. அப்போது உனக்கு ஒன்பது வயது.

ள-வில் தொடங்கியது. அப்பா அடித்த மனுவில் எல்லா எழுத்தும் கறுப்பாக விழும், ள மட்டும் மங்கலாக விழும். முதலில் ரிப்பன் சரியில்லை என்றார். வாரம் ஒரு ரிப்பன் மாற்றினார். ஒரு நாள் ஒரு மனுவில் "அதிகாரி அவர்கள்" என்பதில் ள விழவே இல்லை. அந்த அதிகாரி, மரியாதையை வேண்டுமென்றே விழுங்கிவிட்டான் என்று மனுவைத் தூக்கி எறிந்தாராம். மனு கொடுத்தவன் நேராக வந்து அப்பாவின் மேசையை உதைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா குனிந்து காகிதங்களைப் பொறுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? ள வராமல் எழுதக் கற்றுக்கொண்டார். "அவர்கள்" வேண்டாம், "ஐயா" போதும். "பிள்ளைகள் மூன்று" வேண்டாம், "வாரிசு மூவர்" போதும். ஒரு பக்க மனு அரைப் பக்கம் ஆனது. ஊரே புகழ்ந்தது. "உங்களை மாதிரி சுருக்கமா யாருங்க எழுதுறா" என்று தேடி வந்தார்கள். அப்பாவின் மனு நடை என்று பேரே வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பார்.

இப்போது என் கதை. நீ இருக்கிற அதே அறையில், மூன்று வருஷத்துக்கு முன்னால், காலையில் எழுந்தபோது என் ள விரல் மட்டும் இன்னொருவன் விரல் மாதிரி இருந்தது. தூக்கத்தில் நசுங்கியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. வாசிக்கும்போது அந்த விரல் கம்பியை அழுத்த நேரம் எடுத்தது. இடது விரல் அழுத்துவதற்குள் வலது கை மீட்டிவிட்டால் என்ன வரும் என்று உனக்குத் தெரியும். டப் என்று ஒரு செத்த சத்தம். அதை யாரும் கேட்டுவிடக்கூடாது என்று அந்த இடங்களில் வலது கையைக் காக்க வைத்தேன். வேகமான ஓட்டங்களை விட்டுவிட்டேன். பத்துச் சுரம் இருந்த இடத்தில் மூன்று வைத்தேன்.

மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இப்பத்தான்டா நீ வாசிக்கிறே. இப்பத்தான் உனக்கு வயசு வந்திருக்கு" என்றார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, பக்குவம், நிதானம் என்றெல்லாம் எழுதினார். எலி, அவர்கள் உன்னிடம் கேட்கிற நிதானம் அதுதான். என் வியாதியைக் கேட்கிறார்கள்.

நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அப்பாவிடமிருந்து வந்தது என்றார். வேலை கொடுக்கக் கொடுக்கச் சீக்கிரம் போகும், ஓய்வு கொடுத்தால் பல வருஷம் தள்ளிப் போகும், நிற்காது என்றார். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாமாம். நாம் இரண்டு பேர். ஒருவருக்கு வந்துவிட்டது, ஆகவே மற்றவள் தப்பித்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னேன். "கணக்கு அப்படி இல்லை தம்பி" என்றார்.

இப்போது எனக்கு ள போய்விட்டது, ய பாதி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சட்டைக்குப் பதில் பனியன் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று திட்டுகிறாள்.

காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பியை ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார். குளிர்ச்சி நாலுக்கும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று எழுது. உடனே எழுது.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒத்திகைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாய். உன்மேல் எவ்வளவு கோபம் வருகிறதோ அவ்வளவு பாவமாகவும் இருக்கிறது. பொறாமை என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. உடைந்த பொம்மை விஷயத்தில் மட்டும் மன்னிப்பு கேட்க மாட்டேன், அது உண்மை.

கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். நாலுக்கும் குளிர்ந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாதே.

இங்கே நன்றாகப் போகிறது. போன சனிக்கிழமை ஒரு மெதுவான பாட்டில் முதல்முறையாக அது கிடைத்தது. தாளம் விழுந்த பிறகு ஒரு இமை நேரம் விட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பாட்டு முழுவதும் அதே அளவு விட்டு, ஒரு இடத்திலும் அவசரப்படாமல். சுத்தியல் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார், "குண்டு ஆளு ஒருத்தர் நாற்காலி பாத்து, மெதுவா, நம்பி உக்கார்ற மாதிரி இருக்கு." என்னைக் குண்டு என்று சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். மாஸ்டர் கையை மடியில் வைக்கவில்லை.

வருஷக் கடைசியில் ஒரு இசைத்தட்டு போடுவதாகப் பேச்சு. பேஸுக்கு நான்தான் என்று முடிவாகிவிட்டது. பாட்டுக்காரம்மா என் காதில் சொன்னார், "இது உங்க அண்ணன் இல்ல கண்ணு, இது வேற." அதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா?

அந்த வேகமான ஆட்டப் பாட்டை மட்டும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடு. பனியனுக்காகத் திட்டு வாங்குவது அநியாயம்.

எலி

ஏப்ரல் 2

எலிக்கு,

இமை நேரம் விட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேகமான பாட்டு பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அந்தப் பாட்டுதான் முதலில் பிடிக்காமல் போனது.

ஜன்னல் கம்பி கதையை நான் நம்பவில்லை. நீ ஆறாவது படிக்கும்போது மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தைப் போட்டவள்.

ஒரு கேசட் அனுப்பு. பாட்டு வேண்டாம், மற்றவர் யாரும் வேண்டாம். டிக்டிக் பெட்டியை மெதுவாக வைத்துக்கொண்டு நீ மட்டும் வாசி. ய ள ன க, க ன ள ய. ஒரு டிக்குக்கு ஒரு விரல். பத்து நிமிஷம் நிறுத்தாமல். ஒவ்வொரு சுற்றிலும் எந்த விரல் முதலில் என்று வாயால் சொல்லிவிட்டுத் தொடங்கு.

என் தாமதம் எனக்கு நன்றாகத் தெரியும். ள மட்டும் பின்தங்கும், மற்ற மூன்றும் சரியாக விழும். நொண்டி நடப்பது போல இருக்கும். பாட்டுக்குள் மறைக்கலாம், டிக்டிக்குக்கு முன்னால் மறைக்க முடியாது. இந்த அறையில் இருக்கும் டேப் மெஷினில் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம். ஏமாற்றலாம் என்று நினைக்காதே.

கேசட் வராவிட்டால் நான் புறப்பட்டு வருவேன். மாஸ்டர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். நீ என்னோடு வாழ்நாள் முழுவதும் பேசாமல் இருந்தாலும் சரி, உன் கை மிஞ்சட்டும்.

அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணா,

கேசட் இத்துடன் இருக்கிறது. பத்து நிமிஷம் கேட்டாய், பன்னிரண்டு நிமிஷம் வாசித்திருக்கிறேன். நடுவில் கேட்கும் கடகட சத்தம் சலவை இயந்திரம், என் பல் இல்லை.

நான் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அனுப்ப மனம் வராது. தபால் பெட்டி மூடுவதற்குள் ஓட வேண்டும்.

நன்றாகக் கேள். எல்லா விரலையும் கேள்.

எலி

ஏப்ரல் 20

என் தங்க எலிக்கு,

மூன்று முறை கேட்டுவிட்டேன். முதலில் சாதாரண வேகத்தில், பிறகு பாதி வேகத்தில், பிறகு மறுபடியும் பாதி வேகத்தில், கையில் பென்சிலோடு. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கோடு. மூன்றாவது முறை முடிந்ததும் மைக்கைத் திறந்து, நாலேகால் வண்டி பதினேழாவது நடைமேடையில் நிற்கிறது என்று அறிவித்துவிட்டேன். இங்கே மொத்தமே பன்னிரண்டு நடைமேடைதான். நிலைய அதிகாரி கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நாலும் ஒரே அளவு, எலி. நாலும் தாமதம், ஆனால் ஒரே அளவு தாமதம். ய வரும் இடத்தில்தான் ள வருகிறது, ள வரும் இடத்தில்தான் ன வருகிறது, க-வும் அப்படியே. நொண்டலே இல்லை. ன மட்டும் ஓரிரண்டு சுற்றில் ஒரு துளி கூடுதல் சோம்பல், அது உன் பிறவிக் குணம். வியாதி என்றால் ஒரு விரல்தான் பின்தங்கும். நாலும் சேர்ந்து அளவெடுத்த மாதிரி பின்தங்குமா? உனக்கு ஒன்றும் இல்லை. நீ என்னைக் காப்பி அடித்திருக்கிறாய், அவ்வளவுதான். என் பழைய பதிவுகளைக் கேட்டு, என் தாமதம்தான் ஸ்டைல் என்று நினைத்து, அதை நாலு விரலுக்கும் பழக்கியிருக்கிறாய், பைத்தியக்காரி. நீ காப்பி அடித்தது ஒரு வியாதியை.

இனி அதை விட்டுவிடு. உன் கை முழுசாக இருக்கிறது. எனக்குக் கிடைக்காத கை அது. தாளத்தின்மேல் நேராக வந்து உட்கார். வேண்டும் என்றால் முந்து. மாஸ்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நிதானம் வேண்டும் என்று அவர் கேட்டால், அது அண்ணனோடு போயிற்று, நான் கொண்டு வந்திருப்பதைக் கேளுங்கள் என்று சொல். இசைத்தட்டில் உன் வாசிப்பு இருக்க வேண்டும், என் நோய் இருக்கக்கூடாது. பேஸ் இன்றிலிருந்து உன்னுடையது. நான் கொடுத்ததாகவே வைத்துக்கொள்.

நேற்று அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உன் கேசட்டைக் கேட்ட பிறகுதான் அந்தத் தைரியம் வந்தது. அவள் "சின்னவளுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, நானே சோதித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். அப்போதுதான் அழுதாள். அந்த அழுகையில் பாதி சந்தோஷம், எனக்குத் தெரியும்.

பல மாதத்துக்குப் பிறகு இன்று நன்றாகத் தூங்குவேன்.

உன் அண்ணன்

ஏப்ரல் 29

அண்ணா,

இந்தக் கடிதத்தை அம்மா இல்லாத இடத்தில் வைத்துப் படி.

எனக்கு இருக்கிறது. போன ஆகஸ்டிலிருந்து. நீ சொன்ன மாதிரியேதான், காலையில் எழுந்தபோது ள விரல் என்னுடையதாக இல்லை. அப்பாவின் கை ஞாபகம் வந்தது, நானே ஒரு டாக்டரிடம் போனேன். உனக்கும் இருக்கிறது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே டாக்டரிடம் போய் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். பேஸைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடியது அதனால்தான். எனக்கு நாள் குறைவு என்று தெரிந்துவிட்டது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? வந்த புதிதில் கடை விரித்து வாசித்ததும் அதனால்தான். ள-வை ஒளித்துவிட்டு மற்ற மூன்றையும் ஓட விட்டேன். மாஸ்டர் நிறுத்தியபோது முகம் எரிந்தது அவமானத்தால் மட்டும் இல்லை, கண்டுபிடித்துவிட்டாரோ என்ற பயத்தாலும்தான்.

நீ தாமதத்தை மறைத்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்திலும் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டே வாசிப்பது வாசிப்பா? அதனால் வேறு வழி பார்த்தேன். ள எவ்வளவு தாமதிக்கிறதோ அதே அளவு மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும் என்று பழக்கினேன். அந்த நாலு மணி நேரம் அதற்குத்தான். நல்ல விரல் காத்திருக்காது அண்ணா, திமிறும். பிடித்துப் பிடித்து வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நாலும் ஒன்றாக வந்து உட்கார ஆரம்பித்தன. யாரும் பின்தங்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள். அந்த சனிக்கிழமை கிடைத்தது என்று எழுதினேனே, அது இதுதான்.

நான் வியாதியைக் காப்பி அடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. வியாதி ஒரு விரலைத்தான் தாமதமாக்கியது. மற்ற மூன்றையும் தாமதமாக்கியது நான். அந்த மூன்றும் என்னுடைய வாசிப்பு, அதை உனக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த சுரம் எப்போது வர வேண்டும் என்று நான் சொல்கிறேன், அதுவரை எல்லோரும் இருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாசிக்கிறேன். இப்படி ஒரு தைரியம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததே இல்லை. டாக்டர் சொன்ன கணக்குப்படி மற்ற மூன்றும் இன்னும் ஒன்றரை வருஷமாவது தாங்கும். இசைத்தட்டுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதுவரை உன்னிடம் பொய் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆனால் உன் இரண்டாம் தேதிக் கடிதம் வந்ததும் பொய் சொல்ல முடியவில்லை. நேராகச் சொல்லவும் முடியவில்லை. அதனால் கேசட்டில் ஒரு வேலை செய்தேன். ய, க இரண்டையும் வழக்கம்போலப் பிடித்து வைத்தேன். ன விரலை மட்டும் பிடிக்கவில்லை, அவிழ்த்து விட்டேன். அது டிக்கின்மேல் நேராக வந்து விழும், மற்றவை பின்னால் வரும், பாதி வேகத்தில் கேட்டால் உனக்கு உடனே தெரியும், நல்ல விரல்களை இவள் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நீயே கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன். வாசிக்கும்போது எனக்கு அது சரியாக விழுந்த மாதிரிதான் இருந்தது. இத்தனை நாள் தாமதத்தையே கேட்டுப் பழகிய காது, அதை நம்பியிருக்கக்கூடாது.

நாலும் ஒரே அளவு என்று எழுதியிருக்கிறாய். கையில் பென்சிலோடு, பாதி வேகத்தில், இரண்டு முறை. ன மட்டும் ஒரு துளி கூடுதல் என்றும் எழுதியிருக்கிறாய்.

அன்று ன விரலை நான் பிடித்து வைக்கவே இல்லை, அண்ணா. அது தானாகப் பின்தங்கியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. புறப்பட்டு வா.

எலி